முடக்குவாதமும் வெள்ளை அணுக்களும்: இரத்த அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் சேர்த்துப் படிக்கும் முறை

முடக்குவாதம் என்று மருத்துவர் உறுதி செய்த நாளிலிருந்து நோயாளியின் வீட்டில் ஒரு கோப்பு தடிக்கத் தொடங்குகிறது. அதில் ஒருபுறம் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் மறுபுறம் மருந்துச் சீட்டுகளும் சேர்கின்றன. அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சான எண்ணைக் கண்டு அஞ்சுவதும், சீட்டில் உள்ளதை மருந்துக்கடைக்காரர் சொன்னபடி விழுங்குவதுமாக, இரண்டையும் தனித்தனியாகவே பெரும்பாலோர் கையாளுகிறார்கள். உண்மையில் இரண்டும் நம் உடலிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றியே பேசுகின்றன. எந்த எண் எந்தச் செல்லைக் குறிக்கிறது, எந்த மருந்து எந்தச் செல்லை அடக்குகிறது என்று தெரிந்திருந்தால், எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது பெருமளவு விளங்கிவிடும். சரவாங்கி என்றும் நம் ஊர்களில் வழங்கும் இந்நோய்க்கு மருந்து தொடங்கியவர்களுக்கும், அவர்களுடைய கோப்பைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியவை.

எதிர்ப்புச் சக்தி குறைந்ததா, கூடியதா?

எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் வாதம் வந்தது என்று சொல்லும் உறவினர் ஒருவராவது எல்லா வீட்டிலும் இருப்பார். படித்த மருந்தாளுநர்கள் சிலரோ எதிர்ப்புச் சக்தி மிகுந்துவிட்டது என்பார்கள். இரண்டும் பாதி உண்மைதான். முடக்குவாதத்தில் சில செல்கள் அடங்காமல் உழைக்கின்றன, சில செல்கள் களைத்துப்போகின்றன, அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டிய செல்கள் தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை.

நோயின் தொடக்கம் பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே, வலி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உண்டு. சில நொதிகள் அதைச் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றிவிடும். புகைபிடிப்பவரின் நுரையீரலிலும், நாள்பட்ட ஈறு நோயுள்ளவரின் வாயிலும் இம்மாற்றம் அதிகம் நிகழ்கிறது. எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் சில வகைகளை உடையவர்களிடம் இந்த மாறிய புரதம் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் கண்ணுக்கு அந்நியப் பொருளாகத் தோன்றிவிடுகிறது. உதவி டி செல்கள் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைத் தூண்ட, பி செல்கள் பிளாஸ்மா செல்களாக முதிர்ந்து, சொந்தப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. ஆன்ட்டி சி.சி.பி. என்ற பரிசோதனை தேடுவது இந்த எதிர்ப்பொருளைத்தான்.

மூட்டுக்குள் நடப்பது அடுத்த கட்டம். மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வின் மேலடுக்கு இயல்பில் ஒன்று முதல் மூன்று செல்கள் அளவே தடிமன் கொண்டது. அங்கே மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிச் செல்கள் திரண்டு டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6 போன்ற வேதித் தூதுகளைக் கொட்டும்போது அது தடித்து, புதிய இரத்தக் குழாய்களோடு வளர்ந்து, குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லும் பெருவிழுங்கியின் கால்வழியில் வந்ததுதான் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. வீங்கிய முழங்காலிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால் அதில் நிறைந்திருப்பவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள். இவை தம் டி.என்.ஏ. இழைகளை வலைபோல வெளியே வீசிக் கிருமிகளைப் பிடிக்கும் திறனுடையவை என்று 2004-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. முடக்குவாத மூட்டில் பிடிப்பதற்குக் கிருமி இல்லாதபோதும் வலை வீசப்படுகிறது. அவ்வலையில் சிட்ருலின் ஏறிய புரதங்கள் ஒட்டியிருப்பதால் நோய் தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

மறுபக்கம், இந்நோயுள்ளவர்களின் டி செல்கள் வயதுக்கு மீறி முதுமை அடைகின்றன; அவற்றின் குரோமோசோம் நுனிகள் அதே வயதுடைய பிறரைவிடக் குறுகியிருக்கின்றன. புதிய கிருமியை எதிர்கொள்ளக் காத்திருக்கும் இளம் டி செல்களின் கையிருப்பும் குறைவு. ஆகவே மூட்டில் தீயும் உடலின் பிற இடங்களில் காவல் குறைவும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். இதன்மேல் மருந்துகளும் சேர்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அறிக்கையை எடுக்கலாம்.

அறிக்கையைப் படிக்கும் வரிசை

முதலில் பார்க்க வேண்டியது ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருளின் அளவை அன்று. வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கையையும், அதற்குக் கீழே டி.சி. அல்லது டி.எல்.சி. என்ற தலைப்பில் சதவீதமாகக் கொடுக்கப்பட்டுள்ள பகுப்பையும் முதலில் பார்க்க வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது பெரும் பிழை. மொத்த எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, ஒவ்வொரு வகைச் செல்லும் எத்தனை என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் 3,200, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 என்ற எண் பார்வைக்கு இயல்பாகவே தோன்றும். ஆனால் கணக்கிட்டால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,280 நியூட்ரோஃபில்களே உள்ளன. பெரியவர்களுக்கு இது 1,500-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 1,000-க்குக் கீழே இறங்கினால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 500-க்குக் கீழே இருந்து காய்ச்சலும் இருந்தால் அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை.

எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு. மொத்தம் 12,000, நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்ஃபோசைட் (டி, பி செல்கள் அடங்கிய வகை) 10 சதவீதம் என்று அறிக்கை வந்தால் தொற்று என்றே பலர் எண்ணுவார்கள். அறிக்கைக்குரியவர் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எடுப்பவராக இருந்தால், இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்களை அம்மருந்து பெயர்த்து ஓட்டத்தில் விடுவதாலேயே எண்ணிக்கை ஏறியிருக்கக்கூடும். லிம்ஃபோசைட் இறங்குவதும் அதே மருந்தின் விளைவுதான். எண்ணிக்கை கூடியதால் காவல் கூடியதாகவும் கொள்ளக்கூடாது. சுவரை விட்டுப் பெயர்ந்த செல், கிருமி இருக்கும் திசுவுக்குள் நுழைவதில் பின்தங்குகிறது. எனவே இரத்தம் கொடுக்கும் நாளில் ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை அறிக்கையின் ஓரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. மாதங்கள் கழித்துப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி மிகவும் பயன்படும்.

அடுத்து ஹீமோகுளோபினும் தட்டணுக்களும். நோய் தீவிரமாக இருக்கும்போது இன்டர்லூகின் 6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அது உடலின் இரும்புச் சத்தை வெளிவராமல் பூட்டிவைக்கிறது. இரும்பு மாத்திரை எத்தனை விழுங்கினாலும் ஏறாத இரத்தச் சோகை, மூட்டின் தீ தணிந்ததும் தானே ஏறுவதற்கு இதுவே காரணம். தட்டணுக்கள் அழற்சியின்போது கூடுவது வழக்கம். அவை குறைந்தால் மருந்தின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். நெடுங்காலமாக நோயுள்ள ஒருவருக்கு மண்ணீரல் வீங்கி நியூட்ரோஃபில்கள் தொடர்ந்து குறைந்தால் ஃபெல்ட்டி நோய்த்தொகுப்பு என்ற அரிய நிலையையும் மருத்துவர் எண்ணிப்பார்ப்பார்.

அழற்சியை அளக்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற பரிசோதனைகள் இரண்டில் எது மேல் என்று கேட்டால், என் வாக்கு சி.ஆர்.பி.க்கே. ஈ.எஸ்.ஆர். இரத்தச் சோகையிலும் முதுமையிலும் கருவுற்ற காலத்திலும் ஏறும். இறங்கவும் வாரக் கணக்கில் ஆகும். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகி அழற்சியோடு சேர்ந்து விரைவாக ஏறி இறங்கும். ஆனால் இவை மட்டுமே நோயின் அளவுகோல் ஆகிவிடா. இருபத்தெட்டு மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணி, அதனுடன் நோயாளியின் மதிப்பீட்டையும் இரத்த அளவையும் சேர்த்துக் கணிக்கும் டி.ஏ.எஸ்.28 என்ற மதிப்பெண் 2.6-க்குக் கீழே வருவது நோய் அடங்கியதற்கு அடையாளம், 5.1-க்கு மேல் போனால் தீவிரம். கையைத் தொட்டுப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் புரட்டும் ஆலோசனை பாதி ஆலோசனைதான்.

ஆர்.ஏ. ஃபேக்டரையும் ஆன்ட்டி சி.சி.பி.யையும் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். முன்னதை நோர்வேயின் எரிக் வாலர் 1940-இல் விவரித்தார். ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளையே தாக்கும் எதிர்ப்பொருள் அது. மஞ்சள் காமாலை சி வகை, காசநோய், தொழுநோய் ஆகியவற்றிலும், நலமான முதியோர் சிலரிடமும் அது தென்படும். ஆன்ட்டி சி.சி.பி. இருந்தால் முடக்குவாதம்தான் என்று சொல்லும் உறுதி அதைவிட மிக அதிகம். இரண்டுமே இல்லாமலும் நோய் வரும். நோயை அறியவும் அதன் போக்கை ஊகிக்கவும் இவை உதவும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்.ஏ. ஃபேக்டர் பார்த்து, 90 இருந்தது 120 ஆகிவிட்டதே என்று கலங்குபவர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

மருந்துச் சீட்டு: எது எந்தச் செல்லை அடக்குகிறது

மெத்தோட்ரெக்சேட்டில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனெனில் சிகிச்சையின் அடித்தளம் அதுவே, உயிருக்கு ஆபத்தான தவறும் அதில்தான் நிகழ்கிறது. வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய அம்மருந்தை நாள்தோறும் எடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சரிந்துவிடும். வாரத்தில் எந்த நாள் என்பதைச் சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் கிழமையின் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். 2.5 மில்லிகிராம் மாத்திரையும் 10 மில்லிகிராம் மாத்திரையும் கடைகளில் கிடைப்பதால், நான்கு மாத்திரை என்று எண்ணிக்கையை நினைவில் வைப்பதைவிட எத்தனை மில்லிகிராம் என்று நினைவில் வைப்பதே பாதுகாப்பு. வாதத்துக்குத் தரும் குறைந்த அளவில் இம்மருந்து மூட்டருகே அடினோசின் என்ற பொருளைப் பெருக்கி, செல்களின் சீற்றத்தைத் தணிக்கிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால் மூன்றாம் வாரத்திலேயே பயனில்லை என்று கைவிடக்கூடாது.

கூடவே எழுதிக்கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தை வெறும் வைட்டமின்தானே என்று விட்டுவிடுபவர்கள் உண்டு; வாய்ப்புண்ணையும் குமட்டலையும் கல்லீரல் நொதி ஏற்றத்தையும் குறைப்பது அதுதான். முதல் மூன்று மாதங்களில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். பிறகு இடைவெளி மெல்ல மூன்று மாதம் வரை நீளும். புதிதாக வாய்ப்புண், இடைவிடாத வறட்டு இருமல், மூச்சு வாங்கல், காரணமற்ற இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த வாரத்து மருந்தை எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் கோட்ரைமாக்சசோலோ ட்ரைமெத்தோப்ரிமோ எழுதினால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை ஒடுங்கிவிடும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இம்மருந்தை முன்கூட்டியே நிறுத்த வேண்டும் என்பதால் அந்தத் திட்டத்தையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

மற்ற பழைய மருந்துகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். லெஃப்லுனோமைடு, விரைந்து பெருகும் லிம்ஃபோசைட்டுகளுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தடுக்கிறது. அது உடலில் மாதக் கணக்கில், சிலரிடம் இரண்டு ஆண்டுகள் வரைகூட, தங்கும். சல்ஃபாசலசின் முதல் சில மாதங்களில் நியூட்ரோஃபில்களைத் திடீரெனக் குறைக்கக்கூடும்; அக்காலத்தில் தொண்டை வலியோடு வரும் காய்ச்சலை எளிதாக எண்ணக்கூடாது. ஹைட்ராக்சிகுளோரோகுவின் தொற்று அபாயத்தைக் கூட்டுவதில்லை. அதற்குக் கண்ணைத்தான் கவனிக்க வேண்டும்.

ஊசியாக வரும் உயிரியல் மருந்துகள் ஒவ்வொன்றும் ஓர் இலக்கைக் குறிவைப்பவை. லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-இல் டி.என்.எஃப். தடுப்பு மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தபோது கிடைத்த பலன், இந்நோயின் சிகிச்சையையே மாற்றியது. ஆனால் காசநோய்க் கிருமியைச் சிறு கோட்டைக்குள் அடைத்து உறங்கவைத்திருக்கும் பெருவிழுங்கிகளுக்கு அந்த டி.என்.எஃப். தான் காரை. அதை உருவினால் கோட்டை இடியும். 2001-இல் இன்ஃப்ளிக்சிமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்தைப் பெற்ற எழுபது பேருக்குக் காசநோய் வந்ததாக அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் இந்தியாவில் இதை இருமடங்கு அக்கறையோடு பார்க்க வேண்டும். இம்மருந்து தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும், மேன்டூ தோல் பரிசோதனையோ இக்ரா இரத்தப் பரிசோதனையோ கட்டாயம் வேண்டும். எதிர்ப்பு அடக்கப்பட்டவர்களுக்கு மேன்டூவில் 5 மில்லிமீட்டர் தடிப்பே போதும், உறங்கும் தொற்று இருப்பதாகக் கொள்வார்கள். ஸ்டீராய்டு எடுப்பவரிடம் டி செல்கள் மந்தமாக இருப்பதால் இரு பரிசோதனைகளும் பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். ஆகவே வீட்டில் யாருக்கேனும் முன்பு காசநோய் இருந்ததா என்ற செய்தியை, கேட்காவிட்டாலும், நாமே சொல்லிவிட வேண்டும். உறங்கும் தொற்று இருந்தால் தடுப்பு மாத்திரையை ஒரு மாதமாவது எடுத்த பிறகே ஊசி தொடங்குவது வழக்கம். ஊசி போட்டுக்கொண்டிருக்கையில் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் கழுத்துக் கட்டியும் வந்தால், இருமல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது.

ரிட்டுக்சிமாப் பி செல்களை அழிக்கிறது. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களைத் தொடுவதில்லை. எனவே பழைய தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் நிற்கும், புதிய தடுப்பூசிக்கு உடல் பல மாதங்கள் செவிசாய்க்காது. உறங்கும் மஞ்சள் காமாலை பி வைரஸை அது எழுப்பிவிடக்கூடும் என்பதால், அந்தப் பரிசோதனை முடியாமல் முதல் ஊசிக்கு உட்காரக்கூடாது. அபாடாசெப்ட், டி செல் விழித்தெழத் தேவையான இரண்டாம் சமிக்ஞையை மறைக்கிறது. டோசிலிசுமாப் இன்டர்லூகின் 6-இன் வாயிலை அடைக்கிறது. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு: சி.ஆர்.பி. உருவாவதே அந்த வாயில் வழியாக என்பதால், இம்மருந்து எடுப்பவருக்குக் கடும் நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. இயல்பாகவே இருக்கலாம். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இது நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நோயாளியோ உடன் வருபவரோதான் சொல்ல வேண்டும். மாத்திரையாக வரும் டோஃபாசிட்டினிப் பல வேதித் தூதுகளின் உள்வழியை ஒருங்கே அடைப்பதால் அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது; அறுபத்தைந்து வயது கடந்தவர்களும் புகைபிடிப்பவர்களும் இதய நோய் உள்ளவர்களும் அதைத் தொடங்கும் முன் மாற்று உண்டா என்று கேட்பது நியாயமே.

காய்ச்சல் வந்த நாளிலும் தடுப்பூசி போடும் நாளிலும்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மற்ற மூட்டுகளோடு ஒட்டாமல் ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த ஒற்றை மூட்டு, வாதத்தின் வழக்கமான கிளர்ச்சியாக இல்லாமல் உள்ளே சீழ் பிடித்ததாக இருக்கக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும் அளவுக்குத் தொற்று இருந்தால் மெத்தோட்ரெக்சேட்டையும் உயிரியல் ஊசியையும் தொற்று தீரும்வரை நிறுத்தி வைக்கும்படி மருத்துவர் பொதுவாகச் சொல்வார். கடும் வயிற்றுப்போக்கிலும் அவ்வாறே; சிறுநீரகம் வறண்டால் மெத்தோட்ரெக்சேட் வெளியேறாமல் தேங்கும். ஆனால் நாள்பட எடுத்துவந்த ஸ்டீராய்டை மட்டும் எந்தக் காய்ச்சலிலும் தாமாக நிறுத்தக்கூடாது. உடல் தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும் வேளையில் அதை நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம்.

ஃப்ளூ, நிமோகாக்கஸ் போன்ற உயிரற்ற தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கும் காலத்தில் தவிர்க்க வேண்டியவை உயிருள்ள தடுப்பூசிகள். மூட்டுகள் அடங்கியிருக்கும் நிலையில், ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைத்தால் எதிர்ப்பொருள் நன்றாக உருவாகிறது என்பதால் சில மருத்துவர்கள் அவ்வாறு சொல்வார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ரிட்டுக்சிமாப் தொடங்கப் போகிறவர்கள் வேண்டிய தடுப்பூசிகளை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ பொடிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு இவை இல்லாத சமையலறை அரிது. அடங்காத செல்களை அடக்க ஒரு மருந்தை எடுத்துக்கொண்டே, அதே செல்களைத் தூண்டுவதாக விளம்பரம் செய்யும் இன்னொன்றையும் குடிப்பதில் எனக்குப் பொருள் விளங்கவில்லை. சீந்தில் கொடிச் சாறு அருந்திய சிலருக்கு, எதிர்ப்புச் செல்கள் கல்லீரலையே தாக்கும் வகையிலான அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் எப்படி இருந்தாலும், மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரல் வழியே தொல்லை தரக்கூடிய மருந்து என்பதால், நொதி அளவு ஏறினால் காரணம் மாத்திரையா சாறா என்று பிரித்தறிய முடியாமல் போகும்; நல்ல பலன் தந்துகொண்டிருந்த மாத்திரையை நிறுத்த வேண்டியும் வரலாம். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை செல்லும்போது அந்தப் புட்டியை அறிக்கைகளோடு பையில் எடுத்துச் சென்று மருத்துவரின் மேசைமேல் வைக்கலாம்.